'ஆல்ரெடி அப் டு டேட்' என்கிறது கிட், அண்ணாவின் வேலையைக் காணவில்லை

கிட் என்பது பலர் சேர்ந்து எழுதும் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைத்து இணைக்கிற கருவி. அதில் ஒவ்வொரு பதிவும் கொமிட், தனியாக வளரும் கிளை பிராஞ்ச், எல்லோருக்கும் பொதுவான கிளை மெயின், அங்கே அனுப்புவது புஷ், இரண்டு பக்கத்தையும் இணைப்பது மெர்ஜ், இருவரும் ஒரே இடத்தை மாற்றியிருந்தால் வரும் மோதல் கொன்ஃப்ளிக்ட்.

வாசகி ஒருவரின் கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"வணக்கம் அக்கா. என்னுடைய ஊர் மல்லாவி. கிளிநொச்சியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நெல் ஆலைக்குக் கொள்வனவு மென்பொருள் செய்கிறோம். எங்களில் ஒரு அண்ணா நெடுங்கேணி. அறுவடை என்று மூன்று கிழமை வீட்டிலிருந்துதான் வேலை செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு எல்லாவற்றையும் மெயினுக்குப் புஷ் பண்ணிவிட்டார். திங்கள் காலை நான் மெயினை எடுத்து என்னுடையதோடு மெர்ஜ் பண்ண, 11 ஃபைலில் கொன்ஃப்ளிக்ட். ஆலைக்காரர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. கோட் எழுதும் விஎஸ் கோட்டில் எல்லா இடத்திலும் 'அக்செப்ட் கரண்ட்' (என்னுடையதை மட்டும் வை) அமத்திவிட்டுப் புஷ் பண்ணினேன். அண்ணா செய்த மூடைக் கழிவுக் கணக்கு இல்லை என்று புதன்கிழமைதான் தெரிந்தது. அவர் ஏசவில்லை. வட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. தன்னுடைய பிராஞ்சைத் திரும்ப மெர்ஜ் பண்ணிப் பார்த்தாராம், 'ஆல்ரெடி அப் டு டேட்', அதாவது புதிதாகச் சேர்க்க எதுவும் இல்லை என்று வருகிறதாம். அவருடைய வேலை அழிந்துவிட்டதா? இனிமேல் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கோடைத் தொடலாம் என்று எங்கள் பொறுப்பாளர் சொல்கிறார். அது சரியா?"

அன்புத் தங்கச்சி,

முதலில் பயத்தை விடுங்கள். அழியவில்லை. கொமிட் ஆன எதையும் கிட் அவ்வளவு சுலபமாகத் தொலைக்காது. நீங்கள் செய்த அந்த மெர்ஜ் கொமிட்டுக்கு இரண்டு பெற்றோர். முதலாவது உங்கள் பக்கம், இரண்டாவது அண்ணாவின் பக்கம். அவர் மூன்று கிழமை எழுதியது முழுவதும் அந்த இரண்டாவது பெற்றோரில் ஒரு எழுத்துக் குறையாமல் கிடக்கிறது. போதாததற்கு, நெடுங்கேணியில் அவருடைய லப்டொப்பிலும் முழு வரலாறும் இருக்கிறது. கிட்டில் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது முழுப் பிரதி.

அப்படியானால் ஏன் 'ஆல்ரெடி அப் டு டேட்' என்கிறது? மெர்ஜ் செய்யச் சொன்னதும் கிட் முதலில் பார்ப்பது வம்சாவளியை. இந்தக் கொமிட்டுகள் ஏற்கெனவே மெயினின் மூதாதையர்தானா என்று பார்க்கும். உங்கள் திங்கட்கிழமை மெர்ஜ் வழியாக அண்ணாவின் கொமிட்டுகள் எல்லாம் மூதாதையர் ஆகிவிட்டன. உள்ளடக்கத்தை நீங்கள் தட்டிவிட்டது வேறு கதை. பாடசாலை வரவுக் கொப்பியில் பெயருக்கு நேரே கோடு விழுந்துவிட்டது, ஆள் வகுப்பில் இல்லை. கிட் கொப்பியை மட்டும் பார்க்கிறது. இது தெரியாமல் ஒரு நாள் முழுக்க மெர்ஜ் கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டம்தான்.

இன்னொன்றைக் கவனித்தீர்களோ தெரியாது. 'அக்செப்ட் கரண்ட்' மோதிய இடங்களில் மட்டும்தான் அவருடையதை எடுத்துவிடும். அதே ஃபைலில் மோதாத இடங்களில் அவர் எழுதியது அப்படியே உள்ளே வந்திருக்கும். ஆகவே இப்போது உங்கள் மெயினில் இருப்பது உங்களுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை, ஒரு அரைகுறை. அவர் திரையில் வைத்த 'எத்தனை மூடை' என்ற பெட்டி இருக்கும், அதில் எண்ணும் போடலாம், ஆனால் நிறையைக் கணக்கிடும் இடத்தில் அந்த எண்ணை யாரும் தொடமாட்டார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. திங்களுக்கும் புதனுக்கும் இடையில் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இனி எப்படி மீட்பது. ஒரு மணித்தியாலம் யாரும் மெயினுக்குப் புஷ் பண்ண வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். கொமிட்டுகளின் வரலாற்றைக் காட்டும் 'கிட் லொக்'கில் மெர்ஜுகளை மட்டும் காட்டச் சொல்லி, அந்தத் திங்கட்கிழமைக் கொமிட்டின் எண்ணை எடுங்கள். அந்த எண்ணைக் கொடுத்து 'கிட் ஷோ' போடும்போது 'ரீமெர்ஜ்-டிஃப்' என்ற தெரிவையும் சேர்த்துப் போடுங்கள். 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.36இலிருந்து இது இருக்கிறது. கிட் அந்த மெர்ஜைத் தானாகவே திரும்பச் செய்து பார்த்து, தனக்கு வந்த மோதலுக்கும் நீங்கள் முடித்துவைத்ததற்கும் என்ன வித்தியாசம் என்று வரி வரியாகக் காட்டும். எந்தெந்த இடத்தில் அண்ணாவின் வரிகள் போயின என்று தேடி அலைய வேண்டியதில்லை.

அப்புறம், அந்த மெர்ஜின் முதல் பெற்றோரிலிருந்து புதிதாக ஒரு பிராஞ்ச் எடுங்கள். கொமிட் எண்ணுக்குப் பின்னால் கூரைக்குறி (^) போட்டு 1 என்றால் முதல் பெற்றோர், 2 என்றால் இரண்டாவது. அந்தப் பிராஞ்சில் நின்றுகொண்டு இரண்டாவது பெற்றோரை மெர்ஜ் செய்யுங்கள். திங்கட்கிழமை பார்த்த அதே 11 ஃபைலும் திரும்ப வந்து நிற்கும். இந்த முறை அண்ணாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீருங்கள். தீர்த்துக் கொமிட் பண்ணியதும், பழைய பிழையான மெர்ஜுக்கும் இந்தப் புதிய மெர்ஜுக்கும் இடையிலான வித்தியாசத்தை ஒரு பெட்ச்சாக (மாறிய வரிகள் மட்டும் உள்ள ஃபைலாக) எடுத்து, இன்றைய மெயினின் மேல் ஒரு சாதாரணக் கொமிட்டாகப் போடுங்கள். புதிய பிராஞ்சையே மெயினோடு மெர்ஜ் பண்ணினால் என்ன என்று தோன்றும். வேண்டாம். இரண்டு பெற்றோரும் மெயினில் ஏற்கெனவே இருப்பதால் கிட் குழம்பி, உங்களையும் குழப்பும்.

மெயினைப் பின்னால் இழுத்து 'ஃபோர்ஸ் புஷ்' (பொதுப் பிரதியின் வரலாற்றை வலுக்கட்டாயமாக மாற்றுவது) பண்ணவும் வேண்டாம். அந்த மெர்ஜுக்கு மேலே மற்ற இருவரும் ஒரு கிழமை வேலை செய்திருப்பார்கள். ஒருவருடைய வேலையை மீட்கப் போய் இரண்டு பேருடையதைத் தொலைக்கிற கதையாகிவிடும்.

மீட்பு இவ்வளவுதான். ஆனால் அந்த 11 ஃபைலை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் உண்மையான விடயம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை வைத்து ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன். மாறிகளின் பெயரை வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஈரக் கழிவு எழுதினீர்கள், அண்ணா மூடைக் கழிவு எழுதினார். இரண்டு பேரும் தொட்டது ஒரே வரி. திங்கட்கிழமை திரையில் இப்படித்தான் தெரிந்திருக்கும்:

<<<<<<< ஹெட்
நிகரநிறை = மொத்தநிறை * (1 - (ஈரம் - 14) / 100)
=======
நிகரநிறை = மொத்தநிறை - மூடைகள் * 1
>>>>>>> ஒரிஜின்/மெயின்

மேலே இருப்பது உங்களுடையது, கீழே அவருடையது. உலர்ந்த நெல் என்று கணக்கெடுப்பது 14 வீத ஈரத்தை, அதற்கு மேல் ஒவ்வொரு வீதத்துக்கும் ஒரு வீதம் கழிக்கிறீர்கள். அண்ணா ஒவ்வொரு மூடைக்கும் சாக்கின் நிறை ஒரு கிலோ கழிக்கிறார். இனி ஒரு லோட் நெல்லை இதற்குள் போட்டுப் பார்ப்போம். 40 மூடை, தராசில் 2,640 கிலோ, ஈரம் 16 வீதம், கிலோ 120 ரூபா என்று வையுங்கள்.

இரண்டு கழிவும் போக வர வேண்டியது: சாக்குக்கு 40 கிலோ போனால் 2,600. அதில் 2 வீதம் போனால் 2,548 கிலோ.

நீங்கள் அமத்திய 'அக்செப்ட் கரண்ட்' தருவது 2,587.2 கிலோ. ஆலை 39.2 கிலோவுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கும். ஒரு லோட்டில் 4,704 ரூபா. அவருடையதை மட்டும் வைக்கும் 'அக்செப்ட் இன்கமிங்' அமத்தியிருந்தால் 2,600 கிலோ, நட்டம் 6,240 ரூபா. சரி, நல்ல பிள்ளையாக 'அக்செப்ட் போத்' அமத்தியிருந்தால்? அந்தப் பொத்தான் இரண்டு வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துவிடும். இரண்டாவது வரி திரும்பவும் மொத்தநிறையிலிருந்து தொடங்குவதால் முதல் வரியின் விடை அப்படியே அழிந்துபோகும். வருவது மறுபடி 2,600. இரண்டு பேரையும் சமாதானப்படுத்தியது போலிருக்கும், ஈரக் கழிவு காற்றோடு போயிருக்கும். மூன்று பொத்தானில் எதை அமத்தினாலும் பிழைதான். சரியான விடை அந்தத் திரையிலேயே இல்லை, நீங்கள்தான் எழுத வேண்டும்:

சாக்குநீங்கியது = மொத்தநிறை - மூடைகள் * 1
நிகரநிறை = சாக்குநீங்கியது * (1 - (ஈரம் - 14) / 100)

இதிலும் ஒரு கேள்வி மிச்சம். முதலில் ஈரத்தைக் கழித்துவிட்டுப் பிறகு சாக்கைக் கழித்தால் 2,547.2 கிலோ வரும். வித்தியாசம் 0.8 கிலோ, 96 ரூபா. எது சரி? சாக்கில் நெல்லின் ஈரம் இல்லை, ஆகவே சாக்கு முதலில் போவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் என்னிடமும் கேட்காதீர்கள், கிட்டிடமும் கேட்காதீர்கள். ஆலையின் கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். 96 ரூபாவை ஒரு நாளில் வரும் லோட்டுகளால் பெருக்கிப் பார்த்தால் அவர் உங்களை விடக் கவனமாகப் பதில் சொல்வார்.

நான் சொல்ல வருவது இதுதான். இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொட்டிருக்கிறார்கள், ஏன் தொட்டார்கள் என்று எனக்குத் தெரியாது என்று கிட் கையை விரிக்கிறது. அந்த 'ஏன்' அண்ணாவின் தலைக்குள் இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போட்டிருந்தால் ஐந்து நிமிடம். ஆலைக்காரர் பத்து மணிக்கு வருகிறார் என்றால் அவருக்குப் பழைய பதிப்பைக் காட்டியிருக்கலாம், 'கிட் மெர்ஜ் அபோர்ட்' அடித்தால் மெர்ஜுக்கு முந்திய நிலைக்கு அப்படியே திரும்பியிருக்கும். அவசரத்தில் மெர்ஜ் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இது பலருக்குத் தெரியாது, திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வந்ததும் திரும்பிப் போக வழியில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு சின்ன அமைப்பை மாற்றி வையுங்கள், மிச்சக் காலமெல்லாம் என்னை வாழ்த்துவீர்கள். கிட் அமைப்பில் மெர்ஜுக்குக் கீழே 'கொன்ஃப்ளிக்ட்ஸ்டைல்' என்று ஒன்று இருக்கிறது. அதில் 'இசட்-டிஃப்-3' என்று போடுங்கள், அது 2022 ஜனவரியில் வந்த 2.35இலிருந்து இருக்கிறது, பழைய கிட் என்றால் வெறும் 'டிஃப்-3'. அதற்குப் பிறகு கொன்ஃப்ளிக்ட் வந்தால் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு பகுதியும் தெரியும்:

||||||| அடி
நிகரநிறை = மொத்தநிறை

இரண்டு பேரும் பிரிந்து போவதற்கு முன் அந்த வரி எப்படி இருந்தது என்பதே இது. இதைப் பார்த்தவுடன் விளங்கிவிடும், நீங்களும் கழித்திருக்கிறீர்கள், அவரும் கழித்திருக்கிறார், ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை. அடி தெரியாமல் பார்த்தால், ஒருவர் மற்றவருடையதை மாற்றிவிட்டார் போலத் தோன்றும். எங்கள் ஊரில் வரம்பு யாருடையது என்று சண்டை வந்தால் இரண்டு பேருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தால் விடியாது. உறுதிக் காணியோ பெர்மிட் காணியோ, பழைய அளவைப் படத்தைக் கொண்டு வா என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். கிட்டிடம் அந்தப் படம் எப்போதும் இருக்கிறது, நாம் கேட்காததால் காட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பொறி, நீங்கள் இதில் இன்னும் விழவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். மெர்ஜ் செய்யும்போது 'அவர்ஸ்' என்றால் உங்கள் பக்கம், 'தெயர்ஸ்' என்றால் மற்றவர் பக்கம். ரீபேஸ், அதாவது உங்கள் கொமிட்டுகளைப் பெயர்த்து மெயினின் நுனியில் வைப்பது, செய்யும்போது இது தலைகீழ். அங்கே கிட் மெயினில் போய் நின்றுகொண்டு உங்கள் கொமிட்டுகளை ஒவ்வொன்றாக மேலே வைக்கிறது, ஆகவே 'அவர்ஸ்' என்றால் மெயின், 'தெயர்ஸ்' என்றால் நீங்கள் எழுதியது. அதோடு, 'செக்அவுட்' கட்டளையில் 'அவர்ஸ்' போட்டால் மோதிய இடம் மட்டும் இல்லை, முழு ஃபைலுமே ஒரு பக்கத்துக்குப் போய்விடும். விஎஸ் கோட்டின் பொத்தானும் இந்தக் கட்டளையும் ஒன்று என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

சரி, உங்கள் பொறுப்பாளர் சொன்னது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம் என்பது புதிய யோசனை இல்லை. 1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி செய்த ஆர்சிஎஸ் என்ற பழைய பதிப்புக் காப்புக் கருவி அப்படித்தான் வேலை செய்தது. ஃபைலை எடுக்கிறவர் பூட்டிவிட்டு எடுப்பார், அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் மாற்ற முடியாது. பிறகு ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற ஆசிரியர் தன் இரண்டு மாணவர்களோடு ஒரு சி கம்பைலரில் வேலை செய்தார். ஒரு மாணவர் காலை ஒன்பது முதல் ஐந்து வரை ஒழுங்காக வேலை செய்கிறவர், மற்றவருக்கு நேரம் காலம் கிடையாது, ஆசிரியருக்குக் கிடைப்பதோ மாலை நேரம் மட்டும். ஒருவருக்காக ஒருவர் பூட்டைத் திறக்கக் காத்திருந்தால் வேலை நடக்காது என்றுதான் அவர் சிவிஎஸ் எழுதினார். 1986இல் அதை வெளியிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்தலாம், பிறகு இணைக்கலாம் என்ற வழக்கம் பரவலானது அதோடுதான். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுதியபோது அந்த வழக்கம் ஊறிப்போயிருந்தது.

நெடுங்கேணியில் அறுவடைக்கு நிற்கிற ஒருவர், மல்லாவியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஒருவர், இன்னும் இருவர். உங்கள் நாலு பேரின் நேரத்தையும் பார்த்தால் டிக் குரூனின் மூன்று பேரை விட மோசம். பூட்டு வைத்தால், பூட்டியவர் வீட்டில் கரண்ட் போன அன்று முழு அலுவலகமும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும். பொறுப்பாளரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், பிரச்சினை நாலு பேர் தொட்டதால் வரவில்லை. மூன்று கிழமை ஒருவர் தொட்டது மற்றவருக்குத் தெரியாமல் இருந்ததால் வந்தது.

இதில் அண்ணாவின் பக்கமும் பிழை இருக்கிறது. அவருக்கு இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், ஆனால் உங்கள் பிழையை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். மூன்று கிழமை வேலையை ஒரே இரவில் மெயினில் கொட்டினால் அடுத்தவருக்கு 11 ஃபைல் வராமல் என்ன செய்யும்? நெட் சரியில்லை, அறுவடை என்று காரணம் இருக்கும். வயலில் இருந்தாலும் இரவு ஒருமுறை போனின் டேட்டாவில் மெயினை எடுத்துத் தன் பிராஞ்சோடு சேர்த்துப் பார்க்கலாம், கிட் இழுப்பது மாறிய பகுதியை மட்டும், அது சில கிலோபைட்தான். ஒவ்வொரு நாளும் சேர்த்தால் ஒவ்வொரு நாளும் இரண்டு வரி மோதும், எதற்கு எழுதினோம் என்பதும் நினைவில் இருக்கும். மூன்று கிழமைக்குப் பிறகு தான் எழுதியதே தனக்கு விளங்காது.

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் விதைப்பதற்கு முன் கூட்டம் வைப்பார்கள், குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு என்று பேசி முடிவெடுப்பார்கள். கூட்டத்திலும் சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு வரும் சத்தத்தை விட அது நல்லது. நீங்களும் காலையில் ஐந்து நிமிடம் வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு எடுத்து, இன்றைக்கு நான் கொள்வனவுக் கணக்கைத் தொடப்போகிறேன் என்று சொன்னால் போதும். அதற்கென்று மென்பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை.

சில கொன்ஃப்ளிக்ட்டுகள் மனிதர்களால் வருவதே இல்லை. முழு ஃபைலும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மோதியதாகக் காட்டினால் யாரும் எல்லாவற்றையும் மாற்றியிருக்க மாட்டார்கள். உங்களில் ஒருவர் விண்டோஸ், ஒருவர் உபுண்டு என்றால் வரி முடிவுக் குறிதான் காரணமாக இருக்கும். ரெப்போவில் (உங்கள் கோட் முழுவதும் இருக்கும் கிட் கோப்புறையில்) 'கிட் அட்ரிபியூட்ஸ்' ஃபைல் ஒன்று வைத்து எல்லாவற்றுக்கும் 'டெக்ஸ்ட் ஓட்டோ' போட்டுவிட்டால் அந்தத் தொல்லை ஓய்ந்துவிடும். கோடை அழகுபடுத்துகிற ஃபோர்மட்டரும் நாலு பேருக்கும் ஒரே அமைப்பில் இருக்கட்டும். பயன்படுத்தும் வெளி நூலகங்களின் சரியான பதிப்புகளைக் குறித்துவைக்கும் 'பெக்கேஜ்-லொக்' ஃபைலில் மோதினால் அதைக் கையால் தீர்க்க உட்காராதீர்கள். 'பெக்கேஜ்' ஃபைலை மட்டும் சரிசெய்துவிட்டு 'என்பிஎம் இன்ஸ்டோல்' ஓட்டுங்கள், லொக் ஃபைலை அது புதிதாக எழுதிக்கொள்ளும்.

என் மானம் போன கதை ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு கடைக்கான ரசீது வார்ப்புருவில் கொன்ஃப்ளிக்ட் தீர்த்தேன். நான்கு இடத்தில் மூன்றைத் தீர்த்துவிட்டு, நாலாவது திரைக்குக் கீழே இருந்ததைக் காணாமல் கொமிட் பண்ணிவிட்டேன். கோடாக இருந்தால் ஓடும்போதே கத்தியிருக்கும், இது வெறும் எழுத்து ஃபைல், கத்தவில்லை. அடுத்த நாள் கடையில் வாடிக்கையாளர் கையில் கொடுத்த ரசீதில் 'நன்றி மீண்டும் வருக' என்பதற்கு மேலே <<<<<<< என்று ஏழு கோணக்குறி அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு விதமான நன்றி. கடைக்காரர் அந்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், ஒரு சொல்லும் எழுதவில்லை. அன்றிலிருந்து கொமிட்டுக்கு முன் 'கிட் டிஃப் செக்' அடிக்காமல் நான் எழும்புவதில்லை, மிச்சமாக நிற்கும் குறிகளை அது காட்டிக்கொடுத்துவிடும்.

குறி இல்லாத மோதலும் உண்டு, அதுதான் என்னை இன்றைக்கும் பயப்படுத்துவது. நாளைக்கு அண்ணா நிறைக் கணக்கின் விடையைக் கிலோவிலிருந்து மெட்ரிக் தொன்னுக்கு மாற்றுகிறார் என்று வையுங்கள். அதே நாளில் நீங்கள் வேறு ஒரு ஃபைலில் அந்த விடையை எடுத்து 120 ரூபாவால் பெருக்குகிறீர்கள். இருவரும் தொட்டது வெவ்வேறு ஃபைல். கிட் எந்தச் சத்தமும் இல்லாமல் மெர்ஜ் பண்ணிவிடும், மெர்ஜ் முடிந்தது என்றும் காட்டும். 2,548 கிலோ நெல்லுக்கு விவசாயியின் கையில் 305 ரூபா 76 சதம் வரும். கிட் பார்ப்பது எழுத்துகளை, அர்த்தத்தை அது பார்ப்பதில்லை. மெர்ஜ் சத்தமில்லாமல் முடிந்தாலும், அந்த 40 மூடைக் கணக்கை ஒரு சோதனையாக எழுதி வைத்து ஒவ்வொரு மெர்ஜுக்குப் பிறகும் ஓட்டுங்கள். 2,548 வரவில்லை என்றால் புஷ் பண்ண வேண்டாம்.

அண்ணாவோடு கதைக்கிற விடயம். வட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதாதீர்கள், அதற்கும் ஒரு கட்டைவிரல்தான் வரும். அவர் கிளிநொச்சிக்கு வருகிற நாளில், ரீமெர்ஜ்-டிஃபைத் திறந்துவைத்து, "அண்ணா, நான் எங்கெல்லாம் உங்களுடையதை வெட்டினேன் என்று எடுத்து வைத்திருக்கிறேன், இருந்து திரும்பச் சேர்ப்போமா" என்று கேளுங்கள். தன் வேலை அழியவில்லை என்று திரையில் பார்த்ததுமே பாதி கோபம் போய்விடும். மூன்று கிழமை உழைத்தவருக்குப் பொத்தான் அமத்தினது கூடப் பெரிதில்லை, அமத்துவதற்கு முன் தன்னைக் கேட்கவில்லையே என்பதுதான் உறுத்தும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் கண்ணில் பட்டது. ஈரம் 14க்குக் கீழே போனால் என்ன ஆகும்? நல்ல வெயிலில் காயவைத்து 12 வீதத்தில் ஒருவர் நெல் கொண்டுவந்தால், உங்கள் கணக்கு அவருக்கு 2 வீதம் கூட்டி எழுதும். 2,600 கிலோ 2,652 ஆகிவிடும். ஆலை அப்படிக் கூட்டிக் கொடுக்கிறதா, இல்லை 14இலேயே நிறுத்திவிடுகிறதா? இந்த மெர்ஜுக்குள் அதைத் திருத்தாதீர்கள், மெர்ஜ் கொமிட்டுக்குள் புதிய திருத்தத்தை ஒளித்து வைத்தால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தனிக் கொமிட்டாகப் போடுங்கள். சாக்கு முதலா ஈரம் முதலா என்று கேட்கப் போகும்போது கணக்கப்பிள்ளையிடம் இதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.